எல்லாக் கைகளும் மேலே

"என்னை மட்டும் ஏன் டீச்சர் நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டான் தளவாய்.

நாச்சியார் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"என்கூடச் சேர்ந்தவங்க எல்லாரும் தேர்வு முடிச்சுப் போயாச்சு. எனக்குப் பின்னால வந்த எஸ்தரைக்கூட அனுப்பிட்டீங்க. அவங்க வகுப்புல பாதிப் பிள்ளைங்க முழிச்சுக்கிட்டு இருக்கும். என் வகுப்புல ஒரு பிள்ளையாவது முழிக்குதா?"

"இல்லை."

"கேட்ட கேள்விக்குப் பதில் வராம இருந்திருக்கா?"

"இல்லை."

"பிறகு என்ன குறை?"

நாச்சியார் டஸ்டரைச் சன்னல் கம்பியில் தட்டினார். சாக்பீஸ் தூள் வெளியே பறந்தது.

"உங்க வகுப்புல யாருக்குக் கணக்கு வராது?"

"எல்லாருக்கும் வரும்."

"வாசிக்கும்போது யாருக்குத் திக்கும்?"

"யாருக்கும் திக்காது."

"அப்படின்னா நாளைக்கு நீங்க எதுக்கு வரணும்?"

தளவாய் சிரித்துவிட்டான். டீச்சர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்தான்.

நாச்சியார் சிரிக்கவில்லை.

&nbsp;

ஆற்றங்கரையில் இருந்த சின்னப் பள்ளி அது. ஆசிரியராக விரும்புகிறவர்கள் அங்கே வந்து தங்குவார்கள். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார்கள். நாச்சியார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். சாயங்காலம் அதைப் பற்றிப் பேசுவார்.

அவர் போதும் என்று சொன்ன பிறகு, மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். ஒரே ஒரு பாடத்தைப் பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால் ஆசிரியர் வேலைக்குப் போகலாம்.

தளவாய் அதற்கு முன் மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை பார்த்தவன். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுவான். அந்த வேலை அலுத்துப்போய்த்தான் இங்கே வந்தான். நாச்சியாரும் அவனும் ஏறக்குறைய ஒரே வயது.

ஊரில் ஒரு பள்ளி அவனுக்காக ஓர் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஜூன் மாதம் வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

மனைவி கோமு போனில் கேலி செய்தாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போவீங்க? உங்களுக்கு முன்னாடி நம்ம மக பாஸாயிருவா போலிருக்கே."

அன்றைக்கு மறுபடியும் நாச்சியாரிடம் போய் நின்றான்.

"என்கிட்ட என்ன தப்புன்னு சொல்லுங்க. திருத்திக்கிறேன். சொல்ல முடியலேன்னா அனுப்பிருங்க டீச்சர்."

நாச்சியார் கையிலிருந்த நோட்டை மூடினார்.

"எனக்குச் சொல்லத் தெரியலை" என்றார். "உங்க வகுப்புல உட்கார்ந்தா என்னமோ உறுத்துது. அது என்னன்னு பிடிபடலை. எனக்குப் பிடிபடலேங்கறதுக்காக உங்களை நிறுத்தி வைக்கிறதும் நியாயமில்லை."

"அப்போ?"

"அதிகாரியை வரச் சொல்றேன்."

&nbsp;

அதிகாரி வரும் நாள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. தளவாய் வகுப்பறைக் கதவைச் சாத்தினான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கமுக்கமாகச் சிரித்தார்கள். அவர்களுக்கு இது பழகிய விளையாட்டு.

"நான் கேள்வி கேட்டா என்ன செய்யணும்?"

"கை தூக்கணும் சார்!"

"யாரெல்லாம்?"

"எல்லாரும்!"

"பதில் தெரிஞ்சா?"

"வலது கை!"

"தெரியாட்டி?"

"இடது கை!"

"நான் யாரைக் கேப்பேன்?"

"வலது கையை!"

"தூக்காம உட்காரலாமா?"

"கூடாது சார்!"

ஓரத்து பெஞ்சில் முப்பிடாதி இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டுதான் பள்ளியில் சேர்ந்தவள். அவள் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்வதற்காகக் கிழக்கே கரிசல்காட்டு ஊரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார்.

"சார், எது இடதுன்னு எனக்கு மறந்து மறந்து போகுது."

"ஏட்டி, உனக்கு ரெண்டுமே இடதுதான்!" என்றான் ஜெபசிங்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. முப்பிடாதியின் கண் கலங்கியது.

தளவாய் ஜெபசிங்கை முறைத்தான். மேசை மேல் கிடந்த ஒரு பொட்டலத்திலிருந்து சிவப்பு நூலைப் பிரித்தான். அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, இடது மணிக்கட்டில் முடிச்சுப் போட்டான்.

"இந்த நூல் இருக்கிற கை. தெரியலேன்னா இதைத் தூக்கு. நான் உன்னைக் கேக்கவே மாட்டேன்."

"சத்தியமா சார்?"

"சத்தியமா. நான் பார்த்துக்கிறேன்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நூலைத் தடவிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

தளவாய்க்கும் மனம் நிறைந்தது. ஒரு பிள்ளையை வெட்கப்படாமல் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தான்.

&nbsp;

பாடம் பின்னம்.

தளவாய் கடலைமிட்டாய்த் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தான். உடைத்தான். சேர்த்துக் காட்டினான். மறுபடி உடைத்தான். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

"பாதியில பாதி எவ்வளவு?"

எல்லாக் கைகளும் மேலே போயின.

ஜெபசிங்கைக் கேட்டான். கால் என்றான்.

"ரெண்டு கால் சேர்ந்தா?"

எல்லாக் கைகளும் மேலே போயின.

வேறொருத்தியைக் கேட்டான். அரை என்றாள்.

அதிகாரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். பிள்ளைகளைப் பார்த்தால் முகம் மலர்ந்துவிடும்.

"ஒரு கைகூடக் கீழ இல்லையே!" என்று நாச்சியாரிடம் மெல்லச் சொன்னார். "எத்தனை பள்ளிக்கூடம் பார்த்திருக்கேன். இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை."

நாச்சியார் தலையை மட்டும் ஆட்டினார். அவர் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பிடாதி ஒவ்வொரு கேள்விக்கும் கையைத் தூக்கினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தாள்.

&nbsp;

ஒருவருடைய தேர்வு முடிந்தால், அன்று பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போவது அந்தப் பள்ளியின் வழக்கம்.

நீந்தத் தெரிந்தவர்கள் ஆற்றின் நடுவே இருக்கும் பாறை வரை போகலாம். தெரியாதவர்கள் மேல்படியில் உட்கார்ந்து காலை நனைக்கலாம். படித்துறையின் கடைசிப் படியைத் தாண்டினால் ஆழம்.

"நானும் வாரேன்" என்றார் அதிகாரி. "ஆத்துல கால் வச்சு வருஷமாச்சு. கையெழுத்தை அங்கேயே போட்டுருவோம்."

நாச்சியார் சுண்டல் வாளியை எடுத்து வரச் சமையல்கட்டுக்குப் போனார். அதிகாரியும் தளவாயும் பிள்ளைகளோடு முன்னால் நடந்தார்கள்.

படித்துறைக்கு வந்ததும் பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை.

"சார், இறங்கலாமா? இறங்கலாமா சார்?"

"இருங்க, இருங்க" என்றார் அதிகாரி. அவருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. "நீச்சல் தெரிஞ்சவங்க எல்லாம் கை தூக்குங்க!"

எல்லாக் கைகளும் மேலே போயின.

"அட! இங்கேயுமா?"

அதிகாரி தளவாயின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"உங்க பிள்ளைங்களுக்குத் தெரியாததுன்னு ஒண்ணு உண்டா சார்?"

தளவாயும் சிரித்தான்.

சிரித்துக்கொண்டே பார்த்தான். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கை. மணிக்கட்டில் சிவப்பு நூல்.

முப்பிடாதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை.

"பிறகென்ன? எல்லாரும் இறங்குங்க!" என்றார் அதிகாரி.

தளவாய் வாயைத் திறந்தான்.

அதிகாரியின் கை இன்னும் அவன் தோளில் இருந்தது. அவருடைய பேனா இன்னும் சட்டைப்பையில்தான் இருந்தது.

அவள் இறங்க மாட்டாள் என்று நினைத்தான். படியிலேயே நின்றுகொள்வாள்.

வாயை மூடிக்கொண்டான்.

பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு குதித்தார்கள். தண்ணீர் தெறித்தது. முப்பிடாதி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மறுபடியும் தளவாயைப் பார்த்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாரும் போகிறார்கள். சார் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அவள் ஒவ்வொரு படியாக இறங்கினாள். தூக்கிய கையை இறக்கவில்லை.

கடைசிப் படி வந்தது.

பிறகு தண்ணீருக்கு மேலே அந்தக் கை மட்டும் தெரிந்தது.

&nbsp;

"முப்பிடாதீ!"

தளவாயின் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

"என்ன சார், என்ன ஆச்சு?" என்றார் அதிகாரி.

"அவளுக்கு நீச்சல் தெரியாது!"

"கை தூக்கினாளே?"

"இடது கை, ஐயா! இடது கை!"

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை.

கரைமேல் ஒரு வாளி உருளும் சத்தம் கேட்டது. நாச்சியார் சேலையோடு தண்ணீரில் பாய்ந்துவிட்டார்.

தளவாய் படிகளில் விழுந்து எழுந்து ஓடினான். கீழ்ப்படியில் இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களும் இடது கையைத் தூக்கியவர்கள். சட்டையைப் பிடித்து இரண்டு பேரையும் மேலே இழுத்துப் போட்டான்.

"வேற யாரு இடது? வேற யாரு இடது கை தூக்கினீங்க?"

பாறைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் பாதியில் திரும்பினார்கள். சார் இப்படிக் கத்தி அவர்கள் பார்த்ததில்லை.

நாச்சியார் முப்பிடாதியைத் தூக்கிக்கொண்டு கரையேறினார். படியில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். முதுகைத் தட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடியும் தட்டினார்.

அந்தச் சின்ன உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கியது. வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் இருமினாள். பிறகு அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்டதும் அதிகாரி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாச்சியார் ஒரு துண்டை எடுத்து அவளைச் சுற்றினார். நேராகத் தளவாயிடம் வந்தார்.

"உட்காருங்க."

உட்கார்ந்தான்.

"பிடிங்க" என்று அவளை அவன் மடியில் வைத்தார்.

அவள் நடுங்கினாள். அந்த நடுக்கம் அவன் மார்பில் ஏறியது. பற்கள் தந்தியடிக்க, அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார்... நான் நூல் கையைத்தான் சார் தூக்கினேன்."

தளவாய் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றினான்.

"சரியாத்தானே சார் தூக்கினேன்?"

&nbsp;

எஸ்தர் போன பிறகு புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பயிற்சி ஆசிரியை சத்தம் கேட்டு ஓடி வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனாள். முப்பிடாதியை நாச்சியார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்.

அதிகாரி தளவாயைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"இடது கைன்னா என்ன?"

தளவாய் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

அதிகாரி ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இதை யார் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?"

"என் வாத்தியார், ஐயா. நான் மூணாவது படிக்கும்போது."

அதிகாரி மெல்லத் தலையசைத்தார்.

"எனக்கும் ஒருத்தர் இதே மாதிரி வேற ஒரு வித்தையைச் சொல்லிக் குடுத்தார். பயிற்சியில இருந்தப்போ."

பேனாவை எடுத்தார். தொடையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

தளவாய் திகைத்துப் போனான்.

"ஐயா... நான் இப்பத்தான் உங்ககிட்ட..."

"நான் பாடத்தைப் பார்க்க வந்தேன். பாடம் நல்லா இருந்தது. ஆத்துல நடந்தது பாடத்துல சேராது."

"அந்தப் பிள்ளை..."

"பிழைச்சுட்டா. இறங்கச் சொன்னது நானு. கை தூக்கப் பழக்கினது நீங்க. நம்ம ரெண்டு பேர் பிழைப்பும் பிழைச்சுப் போகட்டும்."

தாளை அவன் கையில் திணித்துவிட்டு எழுந்தார்.

&nbsp;

மருத்துவமனையில் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் நாச்சியாரும் தளவாயும் முப்பிடாதியைச் சூளைக்குக் கூட்டிப்போனார்கள்.

அவள் அப்பா கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார். வாத்தியார்கள் இரண்டு பேர் தன் குடிசைக்கு வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"வாங்க சார், வாங்க டீச்சர். நீங்கதான் தளவாய் சாரா? பிள்ளை உங்களைப் பத்தித்தான் ஓயாம பேசுவா."

அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்கதான் ஒரு எழுத்துப் படிக்கலை. இவ வகுப்புல எல்லாக் கேள்விக்கும் கை தூக்குவாளாமே?"

தளவாய் நாச்சியாரைப் பார்த்தான்.

நாச்சியார் அவனுக்காகப் பேசவில்லை.

அவன்தான் சொன்னான். கை தூக்கியதைச் சொன்னான். நூலைச் சொன்னான். ஆற்றைச் சொன்னான்.

அப்பாவின் முகத்தில் சிரிப்பு உடனே மறையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறைந்தது. மகளை இழுத்துத் தன் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இவளுக்கு ஒண்ணுமே தெரியாதா சார்?"

தளவாய் தலை குனிந்தான்.

"எனக்குத் தெரியாது" என்றான். "நான் அவளைக் கேட்டதே இல்லை."

அப்பா மகளின் தலையைத் தடவினார். சூளையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு இவளை அனுப்பட்டுமா, வேண்டாமா? அதை நீங்களே சொல்லிருங்க சார்."

தளவாய் முப்பிடாதியின் மணிக்கட்டில் இருந்த நூலைப் பார்த்தான்.

"அம்மா கூப்பிடுதா" என்று மகளை உள்ளே அனுப்பிவிட்டு, அவர் சூளையைப் பார்த்து நடந்தார்.

&nbsp;

திரும்பும் வழியில் தளவாய் நின்றான். மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினான்.

"இதைக் கிழிச்சுப் போடுங்க டீச்சர்."

நாச்சியார் வாங்கவில்லை.

"எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"எதை?"

"அவ இடது கையைத் தூக்கினதை."

தளவாய் கீழே பார்த்தான்.

"தூக்கினப்பவே."

"அவ இறங்குறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

நாச்சியார் அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தார். இன்னும் ஈரம் காயாத சேலையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

"அந்தக் கை என்னைக் காப்பாத்தின கை டீச்சர்" என்றான் தளவாய். "சின்ன வயசுல எனக்கு ஒண்ணும் வராது. எப்பவும் இடது கைதான். ஒரு நாளும் அடி வாங்கினதில்லை. ஒரு நாளும் யாரும் சிரிச்சதில்லை. அதே மாதிரி இந்தப் பிள்ளைங்களையும்..."

"உங்க வாத்தியார் உங்களை எத்தனை தடவை கேள்வி கேட்டார்?"

தளவாய் யோசித்தான்.

"கேட்ட ஞாபகமே இல்லை."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவன் காதில் விழுந்தது. அப்படியே நின்றான்.

"நானும் கரையில வரும்போது பார்த்தேன்" என்றார் நாச்சியார். "எல்லாக் கையும் மேல இருந்தது. அடடே, எல்லாரும் நீச்சல் கத்துக்கிட்டாங்களேன்னு சந்தோஷப்பட்டேன். இத்தனை மாசமா உங்க வகுப்புல உட்கார்ந்திருக்கேன். எத்தனை கைன்னு பார்த்தேன். எந்தக் கைன்னு பார்க்கலை."

"இதைக் கிழிச்சிருங்க டீச்சர். எனக்கு இந்த வேலை வேண்டாம். ஊருக்குப் போறேன்."

"போங்க."

தளவாய் நிமிர்ந்தான். இருக்கச் சொல்வார் என்று அவன் நினைத்திருந்தான்.

"பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டுப் போங்க" என்றார் நாச்சியார். "நீங்க கத்துக்குடுத்ததை நீங்கதான் எடுக்கணும். எனக்கு எடுக்கத் தெரியாது."

&nbsp;

மறுநாள் காலை முப்பிடாதி வந்திருந்தாள்.

தன் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் தளவாய் வாசலிலேயே நின்றான். யார் அவளை அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்று கேட்க அவனுக்குத் துணிவு இல்லை.

நாச்சியார் வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் இருந்தார்.

தளவாய் கரும்பலகை பக்கம் போகவில்லை. பிள்ளைகளின் நடுவே, தரையில் உட்கார்ந்தான்.

"நான் உங்களுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக் குடுத்தேன்."

பிள்ளைகள் சிரிக்கவில்லை.

"அது தப்பு. நான் செஞ்சது தப்பு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டச் சொன்னேன். முப்பிடாதி ஆத்துல விழுந்தது அவ தப்பில்லை. என் தப்பு. நான் பார்த்துக்கிட்டே நின்னேன்."

ஒரு பையன் மூக்கை உறிஞ்சினான்.

"இனிமே இடது கை கிடையாது. தெரிஞ்சா தூக்குங்க. தெரியலேன்னா சும்மா உட்காருங்க. தெரியலை சார்னு சொல்லுங்க. அதுக்காகத்தான் நான் வாரேன்."

"அடிப்பீங்களா சார்?" என்றான் ஜெபசிங்.

"மாட்டேன்."

"சிரிப்பீங்களா?"

"மாட்டேன். யாரையும் சிரிக்க விடவும் மாட்டேன்."

"பெரிய ஆளுங்க யாராவது வந்தா?"

"யார் வந்தாலும் இப்படித்தான்."

ஒவ்வொரு முகமும் அவனையே பார்த்தது. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல இருந்தது தளவாய்க்கு. எழுந்து நின்றான்.

"புரிஞ்சுதா?" என்றான்.

எல்லாக் கைகளும் மேலே போயின.

எல்லாமே வலது கை.

தளவாய் ஒவ்வொரு கையாகப் பார்த்தான். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று இப்போது அவனுக்கும் தெரியவில்லை. திரும்பி நாச்சியாரைப் பார்த்தான். அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

தளவாய் ஓரத்து பெஞ்சுக்குப் போனான். முப்பிடாதியின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தான்.

"கையை இறக்கும்மா."

இறக்கினாள்.

"நான் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?"

அவள் ஜெபசிங்கைப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் இருந்த டீச்சரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

பிறகு அவன் காதருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"இப்ப நான் என்ன சொல்லணும் சார்?"